கூடுதலாக ஒரு சுற்று

தமிழரசிக்கு நீச்சல் தெரியாது. அதை அவள் யாரிடமும் மறைத்ததில்லை; மறைக்க வேண்டிய அவசியமும் நாற்பது வயது வரைக்கும் வரவில்லை. மராத்தி பேசும் ராணுவ ஊரான கட்கியில் பிறந்து, கட்கியில் படித்து, கட்கியிலேயே தோட்டாத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவளுக்குத் தண்ணீர் என்றால் காலை ஆறு மணிக்குக் குழாயில் வருவது. அது கணுக்காலுக்கு மேல் ஏறினால் யாரோ குழாயை மூட மறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அப்படிப்பட்டவள் 1998ஆம் வருஷம் மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடக்வாஸ்லா அணைக்கரையில், இருபத்திரண்டு அடிப் பாய்மரப் படகுக்கு முன்னால் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றாள் என்றால், அந்தப் பழி முழுக்க அவள் புருஷன் கலியனையே சேரும்.

கலியன் அதே தொழிற்சாலையில் பெட்டி செய்யும் பிரிவில் தச்சன். ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற ஆண்பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு தூங்குவார்கள். இவன் அணைக்கரையில் இருந்த சின்னப் படகுக் கழகத்துக்குப் போய் மரப்படகுகளின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பான். அடைத்த படகைத் தண்ணீரில் விட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? அப்படி விட்டுப் பார்த்துப் பார்த்தே பாய் கட்டி ஓட்டக் கற்றுக்கொண்டான். மூன்று வருஷமாக அவன் ஓட்டியது பதினோரு அடிப் படகு. ஒரு பாய், ஒரு கயிறு, ஒரு ஆள். கவிழ்ந்தால் சிரித்துக்கொண்டே நிமிர்த்தி ஏறிவிடலாம். ஈரச் சட்டையோடு வீட்டுக்கு வருவான். தமிழரசி நாலு வார்த்தை திட்டிவிட்டுக் காயப்போடுவாள். அதோடு போயிற்று.

வந்து சேர்ந்ததே அந்த 'பாரிஜாத்', அதுதான் வினை. யாரோ ஒரு பொறியாளர் வெளிநாடு போகும்போது கழகத்திடம் விட்டுப்போன படகு. இரண்டு பாய்கள், வீட்டு மாடியைத் தாண்டும் உயரத்தில் பாய்மரம், முன்பக்கம் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு குட்டி அறை, அடியில் நாலைந்து ஆள் எடைக்குச் சமமான இரும்பு. தனி ஆளால் ஓட்ட முடியாது. சுக்கான் பிடிக்க ஒருவர், கயிறு பிடிக்க ஒருவர், ஆக எப்போதும் இரண்டு பேர் வேண்டும். கலியன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன விதத்திலேயே அந்த இரண்டாவது ஆள் யார் என்று தமிழரசிக்குப் புரிந்துவிட்டது.

"என்னால ஆவாது" என்றாள் எடுத்த எடுப்பில்.

"நான் உன்ன கூப்டவே இல்லியே. காவ்யாவ கூட்டிக்கினு போறேன். கொழந்த ஆசப்படுது."

காவ்யாவுக்கு ஒன்பது வயது. கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, கட்கியில் இருக்கும் அத்தனை சாமிகளுக்கும் வேண்டிக்கொண்டு பெற்ற ஒரே பெண். அவள் தெருவைக் கடந்தாலே தமிழரசி வாசலுக்கு ஓடிவந்துவிடுவாள். மூன்றாவது வகுப்பு வரைக்கும் பள்ளிக்கூட வாசல் வரை கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். நாலாவதில் பெண் வெட்கப்பட்டுக் கையை உருவிக்கொண்டதும், அவள் புத்தகப் பையின் வாரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணை இவன் தனியாகத் தண்ணீருக்குள் கொண்டு போவானாம்.

இரண்டு நாள் சண்டை நடந்தது. காவ்யா அழுதாள், சாப்பிட மாட்டேன் என்றாள், "சப் கோ மாலும் ஹே, அம்மாவுக்குத்தான் டர்" என்று, அம்மாவின் பயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்பதை இந்தியும் தமிழும் கலந்து அப்பாவிடம் புகார் சொன்னாள். மூன்றாம் நாள் தமிழரசி தீர்ப்புச் சொன்னாள்.

"நானும் வரேன். அந்தப் படகுல இன்னா இன்னா கீதோ அத்தனையும் கத்துக்கறேன். நான் பாத்து, நான் சரின்னு சொன்னப்பறம்தான் என் பொண்ணு காலு அதுல படணும். அது வரைக்கும் கரையிலயே நிக்கட்டும்."

இது வெறும் வீம்பு இல்லை. பார்த்துச் சரி என்று சொல்வதுதான் தமிழரசியின் வேலை. பதினேழு வருஷமாகத் தொழிற்சாலையில் பரிசோதிக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். மூடியது மூடியிருக்கிறதா, பூட்டியது பூட்டியிருக்கிறதா, கம்பி முறுக்கியது அவிழாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். சரியாக இருந்தால் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு. கோடு விழாத பெட்டி அந்த அறையை விட்டு நகராது. அவள் கோடு போட்ட ஒன்றுகூட இன்றுவரை திரும்பி வந்ததில்லை என்று அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கற்றுக்கொண்டாள். அதற்கென்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சுடிதார் தைத்துக்கொண்டாள்; போட்டுக்கொண்டு குவார்ட்டர்ஸ் படியிறங்கியபோது பக்கத்து வீட்டு செல்வமேரி கைகொட்டிச் சிரித்ததைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். கழகத்தின் செயலாளர் வாசுதேவன், ராணுவப் பள்ளியொன்றில் இருபது வருஷம் படகு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவர் வேகமாகப் பேசுவார், இரண்டாம் தடவை சொல்ல மாட்டார். தமிழரசிக்கு இரண்டாம் தடவை தேவைப்படவும் இல்லை.

படுத்துக் கிடக்கும் பாய்மரத்தை மூன்று பேர் சேர்ந்து நிமிர்த்துவது, அது சாயாமல் மூன்று பக்கமும் கம்பி வடங்களால் இழுத்துக் கட்டுவது, ஒவ்வொரு வடத்தின் அடியிலும் திருகாணியை முறுக்கி, அது தானாகத் திரும்பாமல் சின்ன ஊசியைச் செருகி வளைப்பது, எல்லாம் அவளுக்குத் தன் மேசை வேலை போலவே இருந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, இடது வடத்தின் ஊசியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு இருப்பதை விரலால் தடவியே கண்டுபிடித்தாள். வாசுதேவன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"என் கண்ணுல படலைம்மா இது" என்றார். அதற்கப்புறம் அவள் படகின் ஒவ்வொரு பொருத்திலும் சுண்ணக்கட்டியால் கோடு போட்டபோது அவர் தடுக்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்கும் அவளுக்கும் முட்டிக்கொண்டது. படகின் நடுவில் ஒரு கட்டையின் மேல் ஆட்டுக் கொம்பு மாதிரி இரண்டு முனையுள்ள இரும்பு ஒன்று இருந்தது. பெரிய பாயின் கயிறு ஒரு கப்பி வழியாக அங்கேதான் வந்து சேரும். கயிற்றைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். கை வலித்தால் அந்தக் கொம்பில் ஒரு அரைச் சுற்று விட்டுப் பிடித்துக்கொள்ளலாம். அவ்வளவுதான். தமிழரசியின் கைகளோ அரைச் சுற்றோடு நிற்காது. எட்டுப் போல மாற்றிச் சுற்றி, கடைசியில் கயிற்றைத் தலைகீழாகத் திருப்பி ஒரு பூட்டுச் சுற்றும் போட்டு, இறுக்கிவிடும்.

"அவுத்துடுங்க" என்பார் வாசுதேவன். "பெரிய பாயோட கயிறு ஒரே இழுப்புல விடுபடணும். காத்து திடீர்னு ஏறினா அந்தக் கயித்த விடறது ஒண்ணுதான் வழி. பாய் காத்த விட்டுடும், படகு நிமிர்ந்துடும். விட முடியலேன்னா படுத்துடும்."

"ஒரே இழுப்புல அவுறதுன்னா அது கட்டே இல்லியே சார். எங்க மேசைக்கு வந்தா ரிஜெக்ட்."

"இது உங்க மேசை இல்ல."

அவள் அவிழ்த்துவிடுவாள். மனசுக்குள் மட்டும் ஒப்பவில்லை. தளர்வாக விட்ட ஒரு பொருளைச் சரி என்று சொல்ல அவளால் முடியவில்லை. வாசுதேவன் இன்னொன்றும் சொன்னார், அதுதான் அவளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. படகு படுத்தால் பாய் தண்ணீர் மேல் விரிந்து கிடக்கும்; ஆள் அதற்கடியில் மாட்டிக்கொண்டால், மிதக்க வைக்கிற ஜாக்கெட்டே அவரை மேல்நோக்கித் தள்ளிப் பாயோடு ஒட்ட வைத்துவிடும், வெளியே வர முடியாது. அதனால் கயிறு பிடிக்கிறவர் கழுத்தில் எப்போதும் ஒரு கத்தி தொங்க வேண்டும், கயிறு சிக்கினால் அறுத்துவிட. மடக்குக் கத்தி ஒன்றை நாடாவில் கோத்து அவளிடம் கொடுத்தார். பழகின நாட்களில் அவரே கூட வந்ததால் அவர் கழுத்திலும் ஒன்று தொங்கியது. இவளுடையது பெரும்பாலும் பையிலேயே கிடந்தது.

ஏழாவது ஞாயிற்றுக்கிழமை வாசுதேவன் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "இன்னிக்கு நீங்களே போயிட்டு வாங்க. எதிர்க்கரைப் புளியமரம் வரைக்கும். ஒழுங்கா வந்தா படகு உங்க கையில. காவ்யாவும் போகட்டுமா? அது நீங்க சொல்லணும்மா."

தமிழரசி படகைச் சுற்றி வந்தாள். முன்னும் பின்னும் மூன்று சுற்று. எல்லாக் கோடும் சரியாக இருந்தது. காவ்யா கரைக்கல்லின் மேல் நின்றுகொண்டு, உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவிய மாங்காய்க் கீற்றைத் தின்னவும் மறந்து அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு குறை கிடைக்காதா என்று தமிழரசி உண்மையிலேயே தேடினாள். கிடைக்கவில்லை. தன் வேலையில் அவ்வளவு சுத்தமாக இருந்துவிட்டதற்காக அன்றைக்குத்தான் முதல் தடவையாக வருத்தப்பட்டாள்.

"வரட்டும்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. காவ்யாவுக்கு மட்டும் கேட்டுவிட்டது, "மஸ்த்!" என்று கத்திக்கொண்டு குதித்தாள்.

இனி நடந்ததை யாரும் கவனிக்கவில்லை, தமிழரசி உட்பட. தொழிற்சாலையில் வெடிமருந்து இருக்கும் அறைக்குள் நுழையுமுன் உடம்பில் உள்ள இரும்பு, தீப்பொறி எழுப்பக்கூடிய எதுவானாலும், வாசலிலேயே விட்டுவிட வேண்டும். சாவி, சில்லறை, கொண்டை ஊசி, எல்லாம். பதினேழு வருஷம், நாளைக்கு இரண்டு தடவை. ஆபத்தான இடத்துக்குள் போகிறோம் என்று மனசு நினைத்த மாத்திரத்தில் கை தானாகவே அதைச் செய்துவிடும். அன்றைக்கு அவள் மனசு வேறெதையும் நினைக்கவில்லை. கரையிலிருந்த சாப்பாட்டுப் பையைத் திறந்து, வீட்டுச் சாவியை எடுத்து வைத்தாள். கொண்டை ஊசிகளை உருவி வைத்துவிட்டு முடியைத் துணி நாடாவால் கட்டிக்கொண்டாள். சில்லறையை வைத்தாள். கழுத்திலிருந்து கத்தியைக் கழற்றி, நாடாவைச் சுருட்டி, ஊசிகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்துப் பையின் வாயை முடிந்தாள். ஆபத்தைக் கரையிலேயே விட்டுவிட்ட நிம்மதியோடு படகில் ஏறினாள்.

போகும்போது எல்லாம் நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று மணி வெயில். மேற்கிலிருந்து நிதானமான காற்று. முன்பாய் ஒரு பக்கம், பெரிய பாய் ஒரு பக்கம் உப்பிக்கொள்ள, பாரிஜாத் சத்தமில்லாமல் எதிர்க்கரையைப் பார்த்துக் கிளம்பியது. கலியன் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, மாப்பிள்ளை ஊர்வலத்தில் உட்கார்ந்தவன் போல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். காவ்யா அம்மாவுக்குப் பக்கத்தில், காற்று வருகிற பக்கத்துப் பலகையில். பெரியவர்களுக்கான ஜாக்கெட் அவளுக்கு முழங்கால் வரை இருந்தது. தமிழரசி அதன் மேல் தன் துப்பட்டாவால் குறுக்கே இரண்டு கட்டு கட்டியிருந்தாள்.

"அம்மா, கைய தண்ணீல வுடட்டா?"

"வுடாத."

"ஒரு விரலு?"

"வாய மூடிக்கினு ஒக்காரு."

புளியமரத்தைத் தொட்டுத் திரும்பினார்கள். திரும்பும்போது பாய் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும், அப்போது எல்லோரும் குனிந்து இடம் மாற வேண்டும். அது ஒழுங்காக நடந்தது. ஆனால் மாறி உட்கார்ந்த மறுகணம் படகு ஒரு குலுக்கு குலுக்கியது, காவ்யா கொஞ்சம் வழுக்கினாள். ஒரு சாண்தான். சிரித்துக்கொண்டே மறுபடி ஏறி உட்கார்ந்துவிட்டாள். தமிழரசிக்கோ உயிர் போய் உயிர் வந்தது.

கயிறு பிடிக்க இரண்டு கை வேண்டியிருக்கிறது. பெண்ணைப் பிடிக்க ஒரு கையாவது வேண்டும். கலியன் தலையைத் தூக்கிப் பாய்மர உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கயிற்றைக் கொம்பில் அரைச் சுற்று விட்டாள். பிறகு எட்டாக ஒரு சுற்று. பிறகு கை தானாகத் திரும்பி, கூடுதலாக ஒரு சுற்று தலைகீழாக விழுந்து, இறுகிக்கொண்டது. விரலால் தடவிப் பார்த்தாள். அசையவில்லை. இதுதான் கட்டு என்று ஒரு திருப்தி. விடுபட்ட இடது கையால் காவ்யாவின் முதுகுப்பக்கத்துத் துப்பட்டா முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். கரையை விட்டபின் அப்போதுதான் ஒரு முழு மூச்சு விட்டாள்.

சிம்மகட் மலைப் பக்கம் வானம் பழுப்பாகியிருந்ததை முதலில் கலியன்தான் பார்த்தான். மே மாதத்தில் பிற்பகலில் அங்கே அப்படி ஆவது புதிதல்ல. மழை வந்தாலும் வரும், வெறும் புழுதியோடு போனாலும் போகும். ஆனால் அதற்குக் கீழே தண்ணீரின் நிறமும் மாறிக்கொண்டு வந்தது. கருப்பாக ஒரு பட்டை, அவர்களை நோக்கி வேகமாக.

"தமிழு, காத்து வருது. கயித்த ரெடியா புடி. நான் சொன்னா வுடு."

அவள் வாயைத் திறக்குமுன் காற்று வந்துவிட்டது.

சத்தம்தான் முதலில். பிறகு படகின் அந்தப் பக்கம் அப்படியே கீழே போயிற்று. உட்கார்ந்திருந்த பலகை சுவர் போல எழுந்தது. பெரிய பாய் மொத்தக் காற்றையும் வாரி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு தண்ணீரைத் தொடுமளவுக்குச் சாய, விளிம்பைத் தாண்டித் தண்ணீர் பச்சையாக உள்ளே ஊற்றியது. தமிழரசி இரண்டு காலையும் எதிர்ப்பலகையில் ஊன்றிக்கொண்டாள். காவ்யா அவள் இடது கையில் தொங்கினாள்.

"வுடு! தமிழு, கயித்த வுடு!"

வலது கையால் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அவளுடைய கட்டு, அவளே தடவிச் சரி பார்த்த கட்டு, கல்லாக இருந்தது. பாயின் இழுவை முழுதும் அந்தக் கூடுதல் சுற்றின் மேல் உட்கார்ந்திருந்தது. நகத்தால் நோண்டினாள். நகம் மடங்கிப் பிய்ந்தது.

"வரல! பூட்டிக்கிச்சி!"

கலியன் ஒரு நொடி அவளைப் பார்த்தான். எதற்குப் பூட்டினாய் என்று கேட்க அந்த நொடியில் இடமில்லை. "கத்தி! கத்திய எடு, அறு!"

கழுத்துக்குக் கை போனது. தாலிச்சரடு இருந்தது. கத்தி இல்லை. எங்கே என்று அவளுக்கு உடனே தெரிந்தது. சாப்பாட்டுப் பையும், கொண்டை ஊசிகளும், பக்கத்தில் சுருட்டி வைத்த நாடாவும் கண் முன்னால் தெளிவாக நின்றன. என் பெண்ணை நானே கொன்றுவிட்டேன் என்று நினைத்தாள். வேறெதையும் நினைக்கவில்லை.

தண்ணீர் இன்னும் ஒரு தடவை உள்ளே விழுந்தது. சுக்கான் பாதி காற்றில் நின்றது, அதைத் திருப்பி இனிப் பயனில்லை. கலியன் அதை விட்டுவிட்டுத் தாவி வந்து, கொம்புக்கும் கப்பிக்கும் நடுவே கயிற்றை இரண்டு கையாலும் பற்றினான்.

"நான் உள்ள இழுக்கறேன். இழுத்தா கட்டு லூஸாவும். அப்ப அவுத்துடு. ரெண்டு கையும் போடணும்!"

"உள்ள இழுத்தா இன்னும் சாஞ்சுடுமே!"

"சாயும்! ஜல்தி அவுத்துடு!"

"காவ்யா..."

"அவள வுடு, தமிழு!"

ஒன்பது வருஷமாக அவள் செய்யாத காரியம் அது. பெண்ணின் முகம் அவளுக்கு எதிரே, கொஞ்சம் கீழே இருந்தது. ஈரமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. அழவில்லை. முன்பக்கத்துக் குட்டி அறையின் கதவுப் பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தது; அது வரைக்கும் வழுக்கிப் போனால் பிடித்துக்கொள்ளலாம், பிடிக்கத் தவறினால் நேரே பாய்க்குள். அதையெல்லாம் தமிழரசி கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்தாள் என்று சொன்னால் அது பொய். கலியன் பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டான், அவன் கழுத்து நரம்புகள் புடைத்துவிட்டன, இரண்டாவது தடவை இழுக்க அவனிடம் பலம் இருக்காது. அவள் இடது கையைத் திறந்தாள்.

துப்பட்டா முடிச்சு விரல்களை விட்டு நழுவியது அவளுக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் அவள் பார்க்கவில்லை. இரண்டு கையும் கொம்பில் இருந்தன. கயிறு ஒரு விரற்கடை இளகியது. பூட்டுச் சுற்றின் அடியில் பெருவிரலைக் கொடுத்து நெம்பினாள். அது புரண்டு கழன்றது. எட்டு அவிழ்ந்தது. அரைச் சுற்று உள்ளங்கையைச் சுட்டுக்கொண்டு ஓடியது. கலியனும் கையை விட்டான்.

பாய் சட்டென்று வெளியே பறந்து, கொடி போலப் படபடவென்று அடித்துக்கொண்டது. பாரிஜாத் ஒரு முனகலோடு, வேண்டாவெறுப்பாக, மெல்ல நிமிர்ந்தது.

"காவ்யா!"

கதவுப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில், கைப்பிடியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு செருப்பைக் காணோம். தமிழரசி தவழ்ந்து போய் அவளை வாரி அணைத்தாள், தலையைத் தடவினாள், கையைத் தடவினாள், விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்பாயை மட்டும் வைத்துக்கொண்டு, வாளியால் தண்ணீரை இறைத்தபடியே கரைக்கு வந்தார்கள். மழை பெய்யவில்லை. புழுதி மட்டும் வந்து போயிற்று. அவர்கள் கரை சேரும்போது பழைய வெயில் மறுபடி அடித்தது. வாசுதேவன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன ஆச்சு? ஏன் கயித்த விடல?"

"காத்து சார்" என்றான் கலியன் அவசரமாக. "திடீர்னு ஏறிடுச்சி. எனக்குத்தான் சுக்கான்ல..."

"இல்ல சார்" என்றாள் தமிழரசி. அவள் கலியனைத் தாண்டி முன்னால் வந்தாள். பேச்சு நேராக வந்தது. "நான்தான் பூட்டுனேன். நீங்க வேணாம்னு சொன்ன அதே சுத்து. கத்தியையும் ஃபேக்டரி கேட்ல வெக்கற மாதிரி பையில வெச்சிட்டுப் போயிட்டேன். இவரு மேல தப்பு இல்ல. படகு குடுக்க வேணாம்னா குடுக்காதீங்க."

வாசுதேவன் கரைக்குப் போனார். சாப்பாட்டுப் பையை அவிழ்த்துப் பார்த்தார். ஊசிகளுக்குப் பக்கத்தில் ஒழுங்காக வைத்திருந்த கத்தியை நாடாவோடு எடுத்தார். பிறகு அதைக் கொண்டுவந்து அவள் கழுத்தில் மாட்டாமல், கையில் கொடுத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நானும் வரேன்" என்றார். "கொம்புல ஒரு கோடு போடுங்க. அரைச் சுத்துக்கு மேல கயிறு போனா எனக்குத் தெரியணும்."

படகைத் துடைத்து, பாயைக் காயவைத்து மடித்து, ஸ்கூட்டரில் ஏறும்போது மணி ஆறாகிவிட்டது. முன்னால் கலியன், நடுவில் காவ்யா, பின்னால் தமிழரசி. வண்டி சிம்மகட் ரோடு வழியாகப் போயிற்று. வழக்கமாக இந்தப் பெண் வாய் ஓயாமல் எதையாவது கேட்டுக்கொண்டு வருவாள்; இன்றைக்கு ஒற்றைச் செருப்போடு மௌனமாக உட்கார்ந்திருந்தாள். தமிழரசிக்கு அந்த மௌனம் தாங்க முடியாததாக இருந்தது. ஏன்மா என்னை விட்டே என்று கேட்கப் போகிறாள். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு, நாளைக்கு இல்லாவிட்டால் வளர்ந்து பெரியவளாகி என்றைக்காவது ஒரு நாள். அதற்கு என்ன பதில் சொல்வது? உன்னைக் காப்பாற்றத்தான் என்றால் அது உண்மைதான். ஆனால் விட வேண்டிய நிலைமையைக் கட்டி வைத்ததும் இதே கைதானே? பழக்கத்தில் காவ்யாவின் சட்டையைப் பிடிக்கக் கை நீண்டது. நீண்ட கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெண்ணைத் தொடவே அவளுக்குப் பயமாக இருந்தது.

டெக்கன் சிக்னலில் சிவப்பு விழுந்தது. கலியன் காலை ஊன்றி நிறுத்தினான். பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

"அம்மா" என்றாள் காவ்யா, திரும்பாமலே.

தமிழரசி கம்பியை இறுக்கிப் பிடித்தாள். "இன்னாடி?"

"அப்போ நீ என்ன வுட்டே இல்ல..."

"ஆமா."

"வுட்டுட்டு கண்ண மூடிக்கினே."

தமிழரசி யோசித்துப் பார்த்தாள். மூடியிருந்தேனா? கயிறு இளகியது, பெருவிரல் உள்ளே போனது, எல்லாம் விரலுக்குத்தான் தெரியும். கண்ணுக்கு எதுவும் நினைவில்லை.

"நான் மூடல" என்றாள் காவ்யா. "நீ வுழுந்துட்டா இன்னா பண்றதுன்னு உன்னையே பாத்துக்கினு இருந்தேன். உனக்குத்தானே நீச்சல் தெரியாது."

தமிழரசி உடைந்துவிட்டாள். கரையிலும் அழாதவள், படகிலும் அழாதவள், டெக்கன் சிக்னலில், பஸ் ஜன்னல்களிலிருந்து அத்தனை பேரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள். கலியன் திரும்பிப் பார்த்துவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் விழித்தான். பின்னாலிருந்த ரிக்‌ஷாக்காரன் ஹாரனை அமுக்கினான், சிக்னல் பச்சையாகியிருந்தது.

காவ்யா இரண்டு கையையும் பின்பக்கம் நீட்டி, அம்மாவின் ஈரச் சுடிதாரை இரண்டு பக்கமும் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போப்பா" என்றாள். "நான் புடிச்சிக்கினு இருக்கேன்."